ஒரு மீட்டர் ஐம்பத்தேழு

பன்னிரண்டு மணிக்கு வந்தால் போதும் என்று சொல்லியிருந்த ஜே.சி.பி., காலை ஐந்தரைக்கே வந்து தெருவை அடைத்துக்கொண்டு நின்றது.

எட்டு நாற்பதுக்கு ஸ்கூட்டியை நிறுத்திய ஜெயப்ரியாவின் கண்ணில் முதலில் பட்டது அந்த மஞ்சள் இரும்பு. அடுத்துப் பட்டது, கடைசி வீட்டு முன்சுவரில் நெட்டுக்குத்தாக ஓடிய சிவப்புக் கோடு. நேற்று மாலை அவளே அடித்த கோடு.

செவிலிமேட்டில் பாவடித் தெரு என்றால் ஆட்டோக்காரர்களுக்கு உடனே தெரியும். தென்மேற்கில் தொடங்கி, வடகிழக்கில் ஏரிக்கால்வாயில் போய் முட்டுகிற தெரு. இரண்டு முனையிலும் இடுப்புயரக் கல் ஒன்று. விடிந்ததும் நெசவாளர்கள் பட்டுப் பாவை, சேலையின் நீளவாட்டு இழைகளை, அந்தக் கல்லுக்கும் இந்தக் கல்லுக்குமாக இழுத்துக் கட்டி, இழை சரிபார்த்து, கஞ்சி போட்டுக் காயவைப்பார்கள். கால்வாய் முனைக் கல்லுக்கு எதிரே இருப்பதுதான் கங்கையம்மாளின் வீடு. பள்ளிக்கூடச் சத்துணவு மையத்தில் சமையல் வேலை அவளுக்கு. புருஷன் முருகேசன் கம்பெனி பஸ் டிரைவர், டூட்டியில் இருந்தான்.

கால்வாய்ப் பக்க மூலையிலிருந்து ஒன்றேகால் மீட்டர் உள்ளே விழுந்திருந்தது சிவப்புக் கோடு. அதற்கு அந்தப் பக்கம் இருப்பதெல்லாம் கால்வாய்ப் புறம்போக்கு. அதாவது அடுப்படி, மூலைத் தூண், கூரையின் கனம் முழுக்கத் தாங்கும் சுவர். அது போனால் வீடே போச்சு.

"வாம்மா, கோடு போட்ட மகராசி," கங்கையம்மாள் வாசலிலேயே உட்கார்ந்திருந்தாள். பாத்திரங்கள் மூட்டையாகத் தெருவில் கிடந்தன. "டீ குடிச்சிட்டு இடிக்கிறீங்களா, இடிச்சிட்டுக் குடிக்கிறீங்களா?"

"அக்கா, ஒரு நிமிஷம் நான் சொல்றதை..."

"பட்டா இருக்குது. வீட்டு வரி ரசீது இருக்குது. உன் மெஷின்ல இல்லையாம். நான் என்னா பண்ணட்டும்?"

ஜெயப்ரியாவுக்குக் கால் ஒரு இடத்தில் நிற்கவில்லை. நில அளவை ஒப்பந்தக் கம்பெனியில் சேர்ந்து நான்கு வருஷம் ஆகிறது. ஒரு கோடு தப்பென்று இதுவரை அவளுக்குத் தோன்றியதில்லை. இன்றைக்குத் தோன்றியது.

காரணம், மூன்றாம் நம்பர் முளை.

நேற்று அவளும், கூட வேலை செய்யும் கலைவாணனும் ஆளுக்கொரு பக்கமாக முளை அடித்தார்கள். 1996-இல் ஒரு கால்வாய்த் திட்டத்துக்காக அளந்த பழைய பட்டியல் கையில் இருந்தது. அதில் இருக்கிற எண்ணை ஜி.பி.எஸ். கருவியில் போட்டால், இந்த இடம் என்று அது காட்டும். காட்டிய இடத்தில் முளை. மூன்றாம் நம்பர், சிறுபாலத்துக் கைப்பிடிச் சுவரின் மூலையில் வர வேண்டியது. கலைவாணன் அடித்த முளைகளில் ஒன்று. காலையில் ஏனாத்தூரிலிருந்து வரும் வழியில் பார்த்தால், முளை சுவரில் இல்லை. சேற்றில், தனியாக நின்றிருந்தது.

டேப் வைத்து அளந்தாள். ஒரு மீட்டர் ஐம்பத்தேழு.

ஸ்கூட்டியை விரட்டிக்கொண்டு மதகுக்குப் போனாள். ஐந்தாம் நம்பர். அங்கேயும் அதே ஒரு மீட்டர் ஐம்பத்தேழு. அதே திசையில், தென்மேற்கே.

கருவி கெட்டிருந்தால் பிழை அங்கொரு மாதிரி, இங்கொரு மாதிரி இருக்கும். இது ஒரே மாதிரி இருந்தது. மதகு மேலேயே நின்று பட்டியலின் தேதியைப் பார்த்தாள். அக்டோபர் 1996. இருபத்தொன்பது வருஷம். நூற்றைம்பத்தேழை இருபத்தொன்பதால் வகுத்தாள்.

ஐந்து புள்ளி நான்கு.

அந்த எண்ணை அவள் கல்லூரியில் படித்திருக்கிறாள்.

கலைவாணனுக்கு ஏழு தடவை போன் போட்டுவிட்டாள். சுவிட்ச் ஆஃப். அவன் திருப்பதி வரிசையில் நிற்கிறான், போன் லாக்கரில்.

ஒன்பதேகாலுக்கு ஜீப் வந்தது. துணை தாசில்தார் இளவரசன் இறங்கும்போதே கடிகாரத்தைப் பார்த்தார். மழை தொடங்குவதற்குள் கால்வாய் ஆக்கிரமிப்பை எடுத்தாக வேண்டும். மாலை கலெக்டர் ஆபீஸில் மீட்டிங்.

"சார், இடிக்காதீங்க. கோடு தப்பு."

"யார் போட்ட கோடு?"

"நான்தான் சார்."

"நேத்து சரி, இன்னைக்குத் தப்பா?"

"நேத்தும் தப்புதான் சார். தொண்ணூத்தாறுல சரி."

இளவரசன் கண்ணாடியைக் கழற்றினார். கோபம் வந்தால் அவர் செய்வது அது.

ஜெயப்ரியா மூச்சுவிடாமல் சொன்னாள். "பட்டியல்ல இருக்கிற எண்ணு பூமியோட மையத்துல இருந்து வச்ச கணக்கு சார். அன்னைக்கு அந்த எண்ணுல கால்வாய்க்கரை இருந்துச்சு. அப்புறம் நிலம் நகர்ந்து போயிடுச்சு. வடகிழக்கா, வருஷத்துக்கு அஞ்சரை சென்டிமீட்டர் கிட்ட. நான் பழைய எண்ணைப் போட்டு இன்னைக்குத் தேடினா, நிலம் காலி பண்ணிட்டுப் போன இடத்தைக் காட்டுது. அதனாலதான் கோடு தென்மேற்கே தள்ளி அக்கா வீட்டுக்குள்ள விழுந்துடுச்சு."

"நிலம்னா? இந்தத் தெருவா?"

"இந்தியா சார்."

பின்னால் யாரோ சிரித்தார்கள். நெசவாளர் சிட்டிபாபு. தோளில் சுருட்டிய பாவுடன், ஜே.சி.பி. எப்போது நகரும் என்று காலையிலிருந்து நடந்துகொண்டே இருக்கிறவர். "தேவுடா! இந்தியா எங்கம்மா போகுது, சொல்லாம கொள்ளாம?"

"ஆசியாவை முட்டிக்கினு இருக்குதுண்ணா. முட்டினதுலதான் இமயமலை."

"ஏம்மா," இளவரசன் குரல் தாழ்ந்தது, "இத்தனை வருஷமா இந்த ஊர்ல அளக்கறாங்க. இதுவரைக்கும் இந்தியா நகரலையா?"

"பழைய ஆளுங்க பழைய கல்லு மேலேயே கருவியை நிறுத்தி அங்கிருந்து அளப்பாங்க சார். கல்லும் நிலமும் சேர்ந்தே நகருது, அதனால வித்தியாசம் தெரியாது. நான் அவசரத்துல கல்லைத் தொடவே இல்லை. வானத்தை மட்டும் நம்பிட்டேன். தப்பு என்னுது. பாலத்துலயும் மதகுலயும் டேப் வச்சுப் பார்த்தேன், ரெண்டும் ஒரே அளவு தள்ளி இருக்குது."

"பாலமும் மதகும் வெள்ளத்துக்கு அப்புறம் திருப்பிக் கட்டினது. அதைக் காட்டி நான் ரிப்போர்ட் எழுத முடியாது. எவனாவது தள்ளிக் கட்டியிருப்பான்." இளவரசன் பட்டியலில் விரலை ஓட்டினார். நின்றார். "ஏழாம் நம்பர் என்ன? 'தெருமுனைப் பாவுக் கல்.' இதோ நிக்குது. இது யாரும் கட்டினதில்லை. இதை அள. இதுவும் அதே அளவு தள்ளி இருந்தா ஜே.சி.பி. திரும்பிப் போகும். இல்லன்னா உன் கோடுதான் கோடு."

கங்கையம்மாள் விருட்டென்று எழுந்தாள். "கல்லு எதுக்கு சார்? கல்லு பாட்டுக்கு நிக்குது."

அவள் முகத்தை அந்த நேரத்தில் யாரும் கவனிக்கவில்லை.

கல்லைச் சுற்றிப் பெரிய கோலம். புள்ளிக் கோலம், மாவு இன்னும் ஈரம். ஜெயப்ரியா கோலத்தை மிதிக்காமல் கல்லின் தலையில் கருவியை நிறுத்தினாள். செயற்கைக்கோள்கள் ஒவ்வொன்றாகச் சிக்கி எண் நிலைக்கக் கால் மணி நேரம் ஆகும். அந்தக் கால் மணி நேரத்தில் நகத்தை முழுக்கக் கடித்துவிட்டாள்.

சிட்டிபாபுவால் சும்மா இருக்க முடியவில்லை. "ஏம்மா, அவ்ளோ பெரிய நெலத்த எவன் தள்ளறான்?"

"தள்ளறது கொஞ்சம், இழுக்கறது ஜாஸ்திண்ணா. பூமியோட மேல் ஓடு ஒரே துண்டு கிடையாது. பல தட்டு. அடியில இருக்கிற பாறை சூட்டுல, லட்சக்கணக்கான வருஷத்துல மெழுகு மாதிரி நெளியும். தெற்கே நடுக்கடலுக்கு அடியில பிளவு, அதுல புதுப் பாறை வந்துக்கினே இருக்குது. சுமத்ரா பக்கம் பழைய கடல் தரை ஆறிக் கனத்து உள்ளே முங்குது. முங்கற கனம் மீதித் தட்டை இழுக்குது."

சிட்டிபாபு தோளில் இருந்த பாவைத் தட்டினார். "அட, தறிதானே? முன்னாடி நெய்த சேலைய மரத்துல சுத்தச் சுத்த, பின்னாடி பாவு அவுந்து வருது. பின்னாடி நின்னு எவனும் தள்றதில்ல."

"அதேதாண்ணா!"

"அப்ப நாம எல்லாம் நடுவுல கெடக்கற இழை. வருஷத்துக்கு எவ்ளோன்ன?"

"மூணு விரக்கடை."

"என் மச்சான் வாங்கின கடனு..." என்று ஆரம்பித்தவர், இளவரசன் முறைத்ததும் நிறுத்திக்கொண்டார்.

கருவி கீச்சென்றது.

ஜெயப்ரியா திரையைப் பார்த்தாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடி பார்த்தாள்.

வித்தியாசம்: ஒரு சென்டிமீட்டர்.

கல் பட்டியலில் சொன்ன இடத்திலேயே இருந்தது. நகரவே இல்லை. இந்தியாவோடு போகவில்லை.

"என்னம்மா?" இளவரசன் எட்டிப் பார்த்தார். கண்ணாடியைத் திரும்ப மாட்டிக்கொண்டார். "சரி. இந்தியா இங்கேயேதான் இருக்குது. சின்னப்பையன்! வண்டியை எடு."

மணி பத்து இருபது.

ஜே.சி.பி. டிரைவர் சின்னப்பையனுக்கு நாற்பது வயது, பேர் மட்டும் அப்படி. அவன் ஏனோ இறங்கி வந்து தலையைச் சொறிந்தான். "பன்னெண்டுன்னு சொன்னீங்க சார்..."

"முன்னாடி முடிச்சா உனக்கென்ன?"

"இல்ல சார்... டீசல்..."

"நிறைய இருக்குதுன்னு காலையில நீதானே சொன்னே?"

"யோவ்," சிட்டிபாபு குறுக்கே புகுந்தார், "எது பண்றதா இருந்தாலும் வண்டிய ஓரங்கட்டிட்டுப் பண்ணு. வானம் இருட்டிக்கினு வருது. அரை மணி நேரம் வெயில் கெடச்சா என் பாவு காஞ்சுடும். சார், இடிக்கறது எங்கியும் ஓடிடாது."

இளவரசன் வானத்தைப் பார்த்தார், கடிகாரத்தைப் பார்த்தார். "அரை மணி நேரம். அதுக்கு மேல ஒரு நிமிஷம் கிடையாது."

ஜெயப்ரியா கருவியைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றாள். எங்கே தவறினாள்? பாலம் தள்ளிக் கட்டியதுதானா? மதகும் அதே அளவு தள்ளிக் கட்டியதா? அப்படியே வைத்துக்கொண்டாலும் ஐந்து புள்ளி நான்கு எப்படி வரும்? கங்கையம்மாள் மூட்டையிலிருந்து ஒரு சாமி படத்தை எடுத்து மறுபடி உள்ளே வைத்தாள். மறுபடி எடுத்தாள்.

வண்டி ஓரம் போனதும் சிட்டிபாபு வேலையை ஆரம்பித்தார். மூன்று சேலைக்கான பாவு, அரக்கு நிறம். ஒரு முனைக் கயிற்றைத் தென்மேற்குக் கல்லில் மாட்டினார். பாவை விரித்துக்கொண்டே தெரு நீளத்துக்கும் நடந்து வந்தார். இந்த முனைக் கயிற்றைக் கங்கையம்மாள் வீட்டெதிர்க் கல்லில் மாட்டினார். கயிற்றில் ஒரு முடிச்சு உண்டு. அந்த முடிச்சில் மாட்டினால் பாவு விண்ணென்று நிற்கும். மாட்டிவிட்டுத் திரும்பினார்.

பாவு நடுவில் வயிறு தள்ளித் தொங்கியது. பட்டு மண்ணைத் தொட்டது.

"ஐயய்யோ!" ஓடினார். தூக்கிப் பிடித்தார். முடிச்சைப் பார்த்தார். அந்தக் கல்லைப் பார்த்தார், இந்தக் கல்லைப் பார்த்தார். பிறகு அவர் போட்ட சத்தத்தில் பக்கத்துத் தெரு நாய் குரைத்தது.

"எவன்டா என் கல்லத் தொட்டது?"

ஜெயப்ரியாவின் தலைக்குள் ஏதோ சொடுக்கியது.

"என்னண்ணா சொன்னீங்க?"

"இருபது வருஷமா இந்த முடிச்ச மாத்தல நான். மூணு சேலைப் பாவு, நேத்து வரைக்கும் வீணை நரம்பு மாதிரி நின்னுது. இன்னைக்கு வாழை நாரு மாதிரி தொங்குது. பாவு வளருமா? கயிறு வளருமா? கல்லு கிட்ட வந்திருக்குது!"

ஜெயப்ரியா கோலத்தைப் பார்த்தாள். கங்கையம்மாள் வீட்டு வாசலைப் பார்த்தாள். வாசலில் கோலம் இல்லை. வீடு இடிபடப் போகிற காலையில், சொந்த வாசலில் போடாமல் தெருமுனைக் கல்லைச் சுற்றி இத்தனை பெரிய கோலம் எதற்கு? அதற்கு அடியில் புது மண்ணாக இருந்தால்?

"அக்கா."

கங்கையம்மாள் நிமிரவில்லை.

"அக்கா, உங்க வீடு நிக்கறதும் போறதும் அந்தக் கல்லுலதான் இருக்குது. யார் நகர்த்தினது?"

டபக்கென்று ஒரு சத்தம். சின்னப்பையன் கேபினுக்குள் ஏறி, கதவைச் சாத்திக்கொண்டிருந்தான்.

"எறங்குடா," என்றார் இளவரசன்.

இறங்கினான். "சார், எனக்கு ஒண்ணும் தெரியாது சார். கல்லு தப்பா நிக்குது, சரியா வைக்கணும், ஆபீஸ்ல சொல்லிட்டாங்கன்னு இந்த அக்கா சொல்லிச்சு. டீ குடுத்துச்சு. ரெண்டு இட்லி. விடியறதுக்குள்ள தூக்கி வச்சேன், அவ்ளோதான்."

"மூணு இட்லி," என்றாள் கங்கையம்மாள். பிறகு முகத்தைப் புடவைத் தலைப்பில் துடைத்துக்கொண்டு பேசினாள். "நேத்து சாயங்காலம் இந்தப் பொண்ணுகூட வந்த தம்பி இங்க முளை அடிச்சிது. கல்லு அங்க நிக்குது, முளை இங்க. 'கல்லு இருக்க வேண்டிய இடம் இதுதான், எவனோ நகர்த்தியிருக்கான், சர்வே கல்லத் தொட்டா கேஸு'ன்னு போன்ல யார்கிட்டயோ பேசிச்சு. கல்லு என் வீட்டெதிர்ல நிக்குது. வீடும் போயி, ஜெயிலுக்கும் போவணுமா? அதான் முளை இருந்த எடத்துல சரியா வச்சுட்டேன். பேப்பர்ல சொன்ன எடத்துலதானே வச்சேன்? அது தப்பா?"

பேப்பருக்கு ஏற்ற மாதிரி பூமியைத் திருத்திவிட்டு, அதன் மேல் கோலமும் போட்டிருந்தாள்.

முதலில் சுதாரித்தது இளவரசன். "இது உனக்கு வசதியான கதைதானேம்மா? கல்லை எங்க வேணா வச்சிட்டு, இதுதான் பழைய இடம்னு சொல்லுவீங்க."

"பழைய குழி இருக்கும் சார், கோலத்துக்கு அடியில," என்றாள் ஜெயப்ரியா.

"சுத்தி எல்லாமே புது மண்ணு. வண்டி வச்சுக் கிளறியிருக்கான். எது குழி, எது மேடு?"

ஜெயப்ரியா நோட்டைக் கிழித்தாள். ஒரு எண்ணை எழுதினாள். நாலாக மடித்து இளவரசன் கையில் கொடுத்தாள்.

"பிரிக்காதீங்க சார். சட்டைப் பையில வச்சுக்குங்க. இந்த எண்ணு சிட்டிபாபு அண்ணனுக்குத் தெரியாது. அவர் திரையைப் பார்க்க வேணாம், முளையைப் பார்க்க வேணாம். பாவை மட்டும் பிடிச்சுக்கட்டும். எங்க விண்ணுன்னு நிக்குதோ அங்க கல்லை இறக்குவோம். அப்புறம் நான் அளக்கறேன்."

இளவரசன் சிட்டிபாபுவைப் பார்த்தார். "நீங்க இந்தம்மாவுக்காகப் பேசறீங்களா?"

"நானா?" சிட்டிபாபு கொதித்தார். "இவ வீடு போனா என் ஜன்னலுக்குக் காத்து வரும் சார்! குழாத் தண்ணிக்கு இவகிட்ட நான் பேசி ஒன்பது வருஷம் ஆவுது. எனக்கு என் கல்லு வேணும், அவ்ளோதான்."

மணி பதினொன்று ஐந்து. வடக்கே இடி உருண்டது.

சங்கிலி கட்டிக் கல்லைத் தூக்கினான் சின்னப்பையன். பட்டுக்குப் பக்கத்தில் இரும்பு ஆடியது. சிட்டிபாபு முதுகைக் காட்டி நின்றுகொண்டு, பாவின் மேல் உள்ளங்கையை வைத்தார். இப்போது அவர் கத்தவில்லை. மெதுவாகப் பேசினார்.

"போ. போ. இன்னும் போ. மண்ணு வுட்டு எழும்பிச்சு... போ. மெள்ள. இழை பேச ஆரம்பிக்குது. நாலு விரல்... ரெண்டு... நில்லு!"

சுண்டினார். பாவு விண்ணென்றது.

கல் இறங்கியது. கோல மாவு சிதறியது. மேல் மண் பொத்தென்று உள்வாங்க, கல் தன் பழைய பள்ளத்தில் முழங்கால் ஆழம் தானாகவே போய் உட்கார்ந்து, அடியில் எதிலோ 'டொக்' என்று மோதி நின்றது.

"அடியில வச்ச பழைய பலகைக் கல்லு," என்றார் சிட்டிபாபு, திரும்பாமலேயே. "வந்து சேர்ந்துட்டான்."

ஜெயப்ரியா கருவியை ஏற்றினாள். மறுபடி கால் மணி நேரம். முதல் தூறல் விழுந்தது. சிட்டிபாபு பாவைச் சுருட்டவில்லை. கங்கையம்மாள் பக்கத்து வீட்டிலிருந்து பிளாஸ்டிக் விரிப்பை வாங்கி வந்து, ஒன்பது வருஷம் பேசாத மனிதரின் பட்டின் மேல் விரித்து ஒரு முனையைப் பிடித்துக்கொண்டாள். அவரும் பேசாமல் மறுமுனையைப் பிடித்துக்கொண்டார்.

பதினொன்று நாற்பத்திரண்டு. கீச்.

ஜெயப்ரியா படித்தாள். "வடகிழக்கே... ஒரு மீட்டர் ஐம்பத்தாறு."

இளவரசன் சட்டைப் பையிலிருந்து காகிதத்தை எடுத்துப் பிரித்தார். மழைத்துளி ஒன்று அதில் விழுந்து மை கலங்கியது. ஆனாலும் படிக்க முடிந்தது. 1.57.

அவர் கண்ணாடியைக் கழற்றினார். இந்தத் தடவை துடைப்பதற்கு.

"அப்ப கோடு எங்க விழணும்?"

"சுவரைத் தாண்டி வெளியே சார். முப்பத்திரண்டு சென்டிமீட்டர், ஒரு சாணுக்கு மேல. அக்கா அவங்க இடத்துலதான் கட்டியிருக்காங்க."

கங்கையம்மாள் விரிப்பை விடாமலேயே தரையில் உட்கார்ந்தாள்.

"சின்னப்பையன், வண்டியைத் திருப்பு," என்றார் இளவரசன். ஜீப் பானெட்டில் பைலை விரித்து, குடையைக் கழுத்தில் இடுக்கிக்கொண்டு எழுதினார். நடுவில் நிமிர்ந்தார். "ஏம்மா கங்கையம்மா, கல்லை எத்தனை மணிக்கு எடுத்தே, எப்ப திரும்ப வச்சாங்க, எல்லாம் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் குடுக்கணும். இல்லன்னா இந்த அளவு நிக்காது. எழுதிக் குடுத்தா, சர்வே கல்லைத் தொட்டதுக்கு உன் பேர்ல நோட்டீஸ் வரும்."

"எங்க வரும்?"

"எங்கன்னா? உன் வீட்டுக்குத்தான்."

"வரட்டும் சார்," கங்கையம்மாள் கையை நீட்டிப் பேனாவை வாங்கினாள். "வர்றதுக்கு வீடு இருக்குதுல்ல."

சிட்டிபாபு விரிப்புக்குப் பின்னால் முகத்தைத் திருப்பிக்கொண்டார். சிரித்த மாதிரி இருந்தது.

ஜெயப்ரியா அதைப் பார்க்க நிற்கவில்லை. சிவப்புக் கோட்டின் மேல் குறுக்கே கறுப்புப் பெயின்ட்டை இழுத்தாள். பிறகு பட்டியலைப் புரட்டினாள். இந்த ஒரு வீட்டோடு முடிகிற விஷயம் இல்லை. கால்வாய் நெடுகத் தென்னேரி வரைக்கும் முப்பத்தோரு சுவரில் அவள் கையால் சிவப்புக் கோடு. முப்பத்தொன்றும் 1996-இல் நிற்கின்றன. திங்கட்கிழமை வண்டிகள் வரும்.

"சார், அந்தப் பக்கமும் நிறுத்தச் சொல்லுங்க!"

"சொல்றேன், சொல்றேன். நீ எங்க ஓடறே? மழை வருதும்மா!"

பெயின்ட் டப்பாவைக் காலடியில் வைத்து ஸ்கூட்டியை உதைத்தாள். தெருவின் பாதியை அடைத்துக்கொண்டு, இரண்டு கல்லுக்கு நடுவே, விரிப்புக்கு அடியில் அரக்குப் பாவு விறைத்து நின்றது.

"ஏய், ஏய்! ஓரமா போம்மா!" சிட்டிபாபு அலறினார். "பாவு மேல ஏத்திடாத! இந்தியா போற வேகத்துல போ!"